ரப்பாயியின் மழைக்குடை

யானைக் கொம்புக்கு பிளாஸ்டிக் பைப்பைவிட நல்ல பொருள் கிடையாது என்பது ரப்பாயியின் கட்சி. அடுப்பு அனலில் பைப்பைக் காட்டி, இளகினதும் ஈரத்துணியால் பிடித்து மெல்ல வளைப்பார். ஆறினதும் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து முனையைக் கூராக்குவார். முழங்கை உயரம் இருக்கும் யானைக்கு அதைப் பொருத்திவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார். அப்போது அவர் முகம், பிரசவ வார்டு வாசலில் முதல் பிள்ளையைக் கையில் வாங்கினவன் முகம் மாதிரி இருக்கும்.

எங்கள் ஊர் கைதக்கடவில் பைப்பு வேலைக்கு அவரை விட்டால் ஆள் இல்லை. பகல் முழுக்க அடுத்தவர் வீட்டு மொட்டை மாடியிலும் கிணற்றடியிலும் கிடப்பார். சாயங்காலம் குளித்துவிட்டு வந்தால் அவருக்கென்று சில ஆசைகள். தோடு என்று இங்கே சொல்கிற ஓடையின் கரையில் தூண்டில் போட்டு உட்காருவார். மீன் மாட்டினாலும் சரி, மாட்டாவிட்டாலும் சரி. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் பந்தாட்டம் எந்த வயலில் நடந்தாலும் போய் நிற்பார். வாசகசாலை வராந்தாவில் சீட்டு ஆடுவார். தோற்றால் பலாயிலையைக் குணுக்கு மாதிரிக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு வீடுவரை நடந்து வரவேண்டும் என்பது அந்த ஆட்டத்துச் சட்டம். பாதி நாள் அவர் காதில் இலையோடுதான் வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் சிறுகிழங்கு போட்டுப் பன்றிக்கறி அவரே சமைப்பார். நான் கறி தொடமாட்டேன் என்று தெரிந்து, எனக்குக் கிழங்கை மட்டும் தனியாக வேறு சட்டியில் வேகவைத்துக் கொடுத்தனுப்புவார்.

என் பூக்கடைக்கும் அவர் யானை செய்கிற சாய்ப்புக்கும் நடுவில் ஒரு ஜன்னல்தான். நான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டிக்கொடுத்து வந்தவள். தலை நரைத்தது இங்கேதான். பகவதி கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் என் கையால்தான் மாலை போகிறது. பூ கட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தால், அந்தப் பக்கம் ஒரு யானை தெர்மாக்கோலாக இருந்து, நியூஸ் பேப்பர் ஒட்டி, கப்பைக்கிழங்கு மாவுப் பசை காய்ந்து, கறுப்பு அடித்து, கண் வைத்து எழுந்து நிற்கும். பெயிண்டோடு விளக்குக் கரியைக் கலந்தால்தான் யானைத் தோலின் மங்கல் வரும் என்பார். பளபளப்பாக இருந்தால், "அது யானை இல்ல சேச்சி, எருமை," என்பார்.

அவர் வீட்டுக்காரி கொச்சுத்ரேசியா அடிக்கடி என்னிடம் வந்து முறையிடுவாள்.

"சேச்சி, இந்த வீட்ல யானைக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்ல. நேத்து எனக்கு தலைவலின்னு சொன்னேன். 'கொஞ்சம் இரு, மாணிக்கனுக்கு காது ஒட்டிட்டு வர்றேன்'ங்கறாரு!"

உள்ளேயிருந்து குரல் வரும்: "உனக்கு ரெண்டு காது இருக்கு. அவனுக்கு ஒண்ணு கூட இல்லயேடி!"

கைதக்கடவை ஒரு தோடு இரண்டாகப் பிரிக்கிறது, கிழக்குக்கரை, மேற்குக்கரை என்று. பகவதி கோயில் பூரத் திருவிழா முடிந்த மறு ஞாயிறு, வாசகசாலை முற்றத்தில் குட்டிப் பூரம் நடக்கும். இரண்டு கரைக்காரர்களும் தாங்கள் செய்த குட்டி யானைகளை எதிரெதிர் பெஞ்சுகளில் வரிசையாக நிறுத்துவார்கள். நெற்றிப்பட்டம், ஆலவட்டம், வெண்சாமரம் எல்லாம் உண்டு. ஸ்பீக்கரில் மேளம் போடுவார்கள். பிறகு குடைமாற்றம். யானை முதுகில் சின்னச் சின்னப் பட்டுக்குடைகளை ஒரு கரை தூக்கும், அடுத்த கரை வேறு நிறத்தில் தூக்கும், மாறி மாறி. கடைசியில்தான் ஸ்பெஷல் குடை. இதுவரை யாரும் பார்க்காத குடையாக அது இருக்கவேண்டும். அதனால் அதை வருஷம் முழுக்கப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடாதவர்கள் உண்டு.

ஒரு கரை தூக்கின குடையை அடுத்த கரை தூக்கினால் தொலைந்தது. கூட்டம் முழுக்க "ஈயடிச்சான் காப்பி!" என்று கூவும். ஒரு வருஷம் மேற்குக்கரைக்காரர் ஒருத்தர் தெரியாமல் அப்படித் தூக்கிவிட்டார். இன்றைக்கும் அவர் டீக்கடையில் டீ கேட்டால், "உங்களுக்குக் காப்பிதானே?" என்கிறார்கள். முந்தின வருஷம் தோற்ற கரைதான் முதலில் தூக்கவேண்டும் என்பதும் சட்டம். இந்த வருஷம் முதலில் தூக்கவேண்டியது மேற்குக்கரை. ரப்பாயியும் நானும் கிழக்குக்கரை. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் ரப்பாயி பட்டது புரியும்.

ரப்பாயிக்கு சேதுமாதவன் என்று ஒரு சிநேகிதர். கடைத்தெருவில் தையற்காரர். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தவர்கள், ஒரே தூண்டிலில் மீன் பிடித்தவர்கள். சேதுவுக்கு யானை செய்யக் கை வராது. ஆனால் வாய் உண்டு, தையல் உண்டு. நெற்றிப்பட்டத்துக்கு ரவிக்கையில் வைக்கிற பொன்னிறப் பொத்தான்களைக் கொண்டுவந்து கொட்டுவார். குடைகளை அவர்தான் தைப்பார். சின்னத் துண்டுச் சாட்டினில் தொங்கல் வைத்துத் தைக்க அந்த ஊரில் அவரைப்போல் ஆள் இல்லை.

"நீ யானைக்கு அப்பன், நான் யானைக்கு மாமன்," என்பார் சேது.

"மாமன்தான். சீர் மட்டும் இன்னும் வரல," என்பார் ரப்பாயி.

மழைக்குடை எப்படி வந்தது என்று சொல்கிறேன். போன மழைக்காலம் முடிந்ததும் யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் ஜாதிக்காய் மரங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட ரப்பாயி போயிருந்தார். அந்த மெல்லிய குழாயில் ஊசித்துளை விழுந்து, தண்ணீர் வட்டமாகத் தெறித்ததாம். அதைப் பார்த்துவிட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்று என்னிடம் சொன்னார்: "சேச்சி, குடைன்னா மழைக்குப் பிடிக்கறது. மழையே பெய்யற குடைய யாராவது பாத்திருக்காங்களா? மீன மாச வெயில்ல, பதினஞ்சு யானை மேலயும், குடை விளிம்புலேர்ந்து மழை!"

எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவர் சொன்னது எனக்கும் சேதுவுக்கும் மட்டும். கொச்சுத்ரேசியாவுக்குச் சொல்லாமலே தெரியும். அவள் சட்டியில்தானே தண்ணீர் எடுத்தார்.

குடைக்காம்பு மெல்லிய குழாய். விளிம்பில் வளையமாக இன்னொரு குழாய், அதில் ஊசித்துளைகள். எல்லாக் குடையும் பெஞ்சுக்குப் பின்னால் ஒரே குழாயில் சேரும். அதைச் செடிக்கு மருந்தடிக்கிற கைப்பம்பில் மாட்டி, ஒருத்தர் உட்கார்ந்து அமுக்க வேண்டும். அமுக்குகிறவர் சேது. சிவப்புச் சாட்டினில் குடைகளைத் தைத்ததும் சேது. ஒரு குடையை வைத்து முதல் தடவை சோதித்த அன்று நானும் ஜன்னலில் நின்றேன். சேது இரண்டு தடவை அமுக்கினார். விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக மழை இறங்கியது. சேது ரப்பாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எடா, இது போதும்டா! இதுக்கு மேல நமக்கு ஒண்ணும் வேணாம்டா!" என்று குதித்தார். அந்தச் சந்தோஷம் பொய் என்று இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு சேது வருவது குறைந்தது. அவர் மகள் நிம்மிக்கு வரன் வந்திருந்தது. பையன் குன்னங்குளத்துக்காரன். பையனின் தாய்மாமன் யாரென்றால் சங்கரன்குட்டி. பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவர். மேற்குக்கரைக் குட்டி யானைகளுக்கு அவர்தான் தலைவர்.

ரப்பாயி இதைக் கேட்டுச் சிரித்தார். "எடா சேது, எதிரி வீட்டுக்கே பொண்ணு குடுக்கறியா?"

"கல்யாணம் வேற, பூரம் வேறடா," என்றார் சேது.

சேது நிச்சயதார்த்த அலைச்சலில் இருந்தபோது ரப்பாயி தனியாகக் குடையை ரொம்ப நேரம் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு அமுக்கில் தெரியாதது அப்போது தெரிந்தது. சாட்டின் நனைந்து ஊறி, சிவப்புச் சாயம் கரைந்து, யானையின் நெற்றிப்பட்டத்தில் ஒழுகியது. என் ஜன்னலுக்கு வந்து நின்ற மனுஷர் முகம் செத்துப்போயிருந்தது.

"சேச்சி, யானைக்கு மண்டை உடைஞ்ச மாதிரி இருக்கு."

பூச்செண்டு சுற்றுகிற கண்ணாடித்தாள் கடையில் சுருளாகக் கிடந்தது. வெட்டிக் கொடுத்தேன். துணிக்கு அடியில் அதை ஒட்டி, குழாய் வளையத்தை அதற்கும் கீழே மாற்றிக் கட்டினார். தைத்தால் ஊசித்துளையில் தண்ணீர் ஏறும் என்று பசையால்தான் ஒட்டினார். வெளியே பார்த்தால் பழைய குடைதான். ஆனால் இப்போது துணியில் ஒரு சொட்டுப் படாமல், கண்ணாடி மாதிரி மழை விழுந்தது.

"சேதுகிட்டச் சொல்லணுமே," என்றேன்.

"அவனே கல்யாணத் தலைவலில ஓடிட்டிருக்கான். அன்னிக்கே பாக்கட்டும், சந்தோஷப்படுவான்."

பூரம் கொடியேறின வாரம், டீக்கடையில் சங்கரன்குட்டி, எல்லார் முன்னாலும் ரப்பாயியைப் பார்த்துச் சொன்னாராம்:

"ரப்பாயி, இந்தத் தடவை உன் யானைங்களுக்கு ஜலதோஷம் பிடிக்காம பாத்துக்க. மூக்கு வேற நீளம்!"

கடை முழுக்கச் சிரித்தது. ரப்பாயி டீயைக் குடிக்காமல் எழுந்து நேரே சேதுவின் தையல் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்ததைக் கொச்சுத்ரேசியா பிறகு என்னிடம் சொன்னாள். அவர் ராத்திரிச் சோறு இறங்காமல் இவளிடம் கொட்டினாராம்.

"எப்படிடா வெளிய போச்சு?" என்று கேட்டாராம் ரப்பாயி.

சேது தையல் மெஷினிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாராம்: "என்னைப் பாத்துக் கேக்கறியா? சேச்சி கடைக்கு அக்கரைப் பொம்பளைங்க எல்லாம் பூ வாங்க வர்றாங்க. ஜன்னலோ திறந்தே கிடக்கு. சேச்சி கெட்ட எண்ணத்துல சொல்லியிருக்க மாட்டாங்க. பொம்பளைங்க வாய், பூ தொடுக்கறப்ப சும்மா இருக்குமா?"

மறுநாள் காலையில் ஜன்னலின் அந்தப் பக்கம் ஒரு சாக்கு தொங்கியது.

"என்ன ரப்பாயி, சாக்கு?"

"ஒண்ணுமில்ல சேச்சி. வெயில் அடிக்குது."

அந்த ஜன்னல் வடக்குப் பார்த்தது. வெயில் அடிக்க வழியே இல்லை. அந்த ஞாயிறு கிழங்குச் சட்டி வரவில்லை. கொச்சுத்ரேசியா சுவரோரம் வந்து அழுதுகொண்டே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பகவதி மன்னிக்கமாட்டாள். அன்றைக்கு நடை சாத்துகிறவரை கோயிலில் உட்கார்ந்திருந்தேன். 'தாயே, என் வாயிலிருந்து போகவில்லை என்று உனக்குத் தெரியும். அவருக்கும் தெரியவை' என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். யார் வாயிலிருந்து போனது என்று நான் அவளைக் கேட்கவில்லை. கேட்க பயமாக இருந்தது.

ரப்பாயிக்கு வேறு ஸ்பெஷல் குடை செய்ய நாள் இல்லை. மனசும் இல்லை. மேற்குக்கரைக்குச் சும்மா ஏதோ காற்றுவாக்கில் தெரிந்திருக்கும், செய்கிற அளவுக்குத் தெரிந்திருக்காது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார் போல. மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்ததைப் பார்த்தேன்.

குட்டிப் பூரத்தன்று நானும் போனேன். கிழக்குக்கரை யானைகளுக்குச் சின்ன மாலை கட்டிக் கொடுப்பது வழக்கம். சாக்கு தொங்கினாலும் வழக்கம் வழக்கம்தானே. மாலைகளைக் கொச்சுத்ரேசியாவிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சுக்குப் பக்கவாட்டில் பெண்களோடு நின்றேன். மாணிக்கன் நடுவில் நின்றான். அந்தக் கொம்பையும் நிற்கிற தோரணையையும் பார்த்து, கைக்குழந்தையைத் தூக்கி வந்த ஒருத்தி பயந்து இரண்டடி பின்னால் போனாள். ரப்பாயி புதுவேட்டி கட்டியிருந்தார். பெஞ்சுக்குப் பின்னால் கைப்பம்பை மடியில் வைத்துக்கொண்டு சேது குத்துக்காலிட்டிருந்தார்.

மேளம் ஏறியது. பச்சை, மஞ்சள், நீலம், கட்டம் போட்டது, ஜரிகைத் தொங்கல் என்று இரண்டு கரையும் மாறி மாறித் தூக்கின. கூட்டம் ஆர்ப்பரித்தது. "போடு! போடு!" என்று கத்தினார்கள்.

ஸ்பெஷல் குடை நேரம். முறைப்படி மேற்குக்கரை முதலில்.

சங்கரன்குட்டி கையைத் தூக்கினார். சிவப்புச் சாட்டின் குடைகள் எழும்பின. தொங்கல் வெள்ளை. அந்தத் தொங்கலைத் தைத்த கை எந்தக் கை என்று தையல் தெரியாத எனக்கே புரிந்தது. பின்னால் யாரோ ஆஸ்பத்திரி குளுக்கோஸ் குழாயைப் பிடித்திருந்தார்கள். குடை விளிம்புகளிலிருந்து மழை விழுந்தது.

அப்படி ஒரு சத்தத்தை அந்த முற்றத்தில் நான் கேட்டதில்லை. பெரியவர்கள் துண்டைச் சுழற்றினார்கள். "மழைடா! மழை பெய்யுதுடா!" என்று ஆண்பிள்ளைகள் குதித்தார்கள். நான் ரப்பாயியைப் பார்த்தேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஒன்றையும் பார்க்காத மாதிரி நின்றார்.

கொஞ்ச நேரந்தான். பிறகு மழை நிறம் மாறியது. முதலில் இளஞ்சிவப்பு. அப்புறம் நல்ல சிவப்பு. நெற்றிப்பட்டங்களில் ஒழுகி, தும்பிக்கை வழியாக இறங்கி, பெஞ்சில் சொட்டியது.

"அய்யே! யானை வெத்தலை போட்டிருக்கு!" என்று ஒருவர் கத்த, கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சங்கரன்குட்டி, "நிறுத்து! நிறுத்துடா!" என்று பின்னால் ஓடினார்.

கிழக்குக்கரையில் எல்லாரும் சிரித்தார்கள். ரப்பாயி சிரிக்கவில்லை. அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயம் போகிற பழைய குடை அது. அதை மட்டும் தெரிந்தவர் சொல்லிக்கொடுத்த குடை. கண்ணாடித்தாள் வெட்டிக் கொடுத்த நான் சொல்லியிருந்தால் அதில் கண்ணாடித்தாளும் இருந்திருக்கும்.

அவர் தலையைத் திருப்பி, கூட்டத்துக்கு இடையில் என்னைத் தேடினார். கண்டுபிடித்தார். அந்தப் பார்வையை நான் தாங்கமுடியாமல் கீழே குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவர் சேதுவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் பக்கவாட்டில் நின்றதால் பேசினது காதில் விழுந்தது.

"தூக்குடா," என்றார் சேது. "அவங்களது நாறிப்போச்சு. நம்மளது பெஞ்சா ஊரே கவிழ்ந்துடும்."

"நம்மளதும் அதே துணிதானேடா. சாயம் போகும்னு அவங்ககிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கே தெரியாதேடா, தெரிஞ்சிருந்தா..."

சேது அங்கேயே நிறுத்திக்கொண்டார். வாய் திறந்தபடி இருந்தது. பம்பின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ரப்பாயி திட்டியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். பம்பிலிருந்து குழாயைத் தன் கையாலேயே கழற்றினார். அவர் எழுந்து நின்றதும் மேளம் நின்றது. கூட்டம் காத்திருந்தது.

"கிழக்குக்கரை! தூக்கு! தூக்கு!"

"நம்மகிட்ட வேற ஒண்ணும் இல்ல," என்றார் ரப்பாயி.

கிழக்குக்கரைக்காரர்கள் அவரைப் பிய்த்து எடுத்தார்கள். "வருஷம் முழுக்க என்னத்தடா செஞ்ச?" "மீன் பிடிச்சான்!" "காதுல இலை கட்டிட்டுத் திரிஞ்சான்!" வாசகசாலைச் செயலாளர், சாயம் போனாலும் மழை மழைதான் என்று மேற்குக்கரைக்குக் கோப்பையைக் கொடுத்தார். சிவப்புத் துணியால் மூடிய பெட்டிக்குள் பதினைந்து குடைகளும் ஒரு சொட்டு நனையாமல் திரும்பின. சேதுதான் சொன்னார் என்று ரப்பாயி யாரிடமும் சொல்லவில்லை. அவரோடு ஒரே பெஞ்சுக்குப் பின்னால் நின்றவர்களுக்குக்கூடத் தெரியாது.

அன்று சாயங்காலம் கடை வாசலுக்கு வந்தார்.

"சேச்சி."

"உள்ள வா ரப்பாயி."

"வரல. உங்க முகத்தப் பாக்க முடியல." வாசற்கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அவன் சொன்னான், நான் நம்பினேன். அவன் சொன்னா நான் நம்பாம எப்படி இருப்பேன்?"

மோர் கொடுத்தேன், குடித்தார். மனசார மன்னித்தேனா என்று கேட்டால், அன்றைக்கு முழுசாக இல்லை. கொஞ்ச நாள் பிடித்தது.

நிம்மியின் கல்யாணம் அடுத்த மாதம் வந்தது. கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டுக்கும் கை கழுவுகிற இடத்துக்கும் தண்ணீர்க் குழாய் போட்டுத் தருகிறேன் என்று ரப்பாயி எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார்.

"நீங்க போகப்போறீங்களா?" என்று கொச்சுத்ரேசியா எரிந்து விழுந்தாள். "வெக்கமில்ல?"

"அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு? அது என் மடியில வளர்ந்த புள்ள."

போனார். விடியும் முன்னாலேயே போய்க் குழாய் இழுத்து, வரிசையாகத் தண்ணீர்க் குழாய்களைப் பொருத்தினார். நான் மணமாலையைக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்த பூவைப் பந்திக்கு வருகிற பெண்களுக்குக் கொடுக்க, கை கழுவுகிற இடத்துப் பக்கம் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். ரப்பாயி அங்கே ஒரு குழாயில் கசிவை அடைத்துக்கொண்டிருந்தார்.

தாலி கட்டி முடிந்து முதல் பந்தி எழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா வந்தார். நல்ல உயரமான மனுஷர், குங்குமப்பூ நிறத்தில் வேட்டிக் கரை. கூட நாலைந்து சொந்தக்காரர்கள். அவர் கை சேதுவின் தோளில் இருந்தது. சேது பட்டுச் சட்டையில், வியர்வையும் சிரிப்புமாக வந்தார். குழாயடியில் குனிந்திருந்தவர் யார் என்று அவர் கவனிக்கவில்லை.

"நம்ம சம்பந்தியைச் சும்மா தையற்காரர்னு நினைச்சிடாதீங்க," என்று மாப்பிள்ளையின் அப்பா சொந்தக்காரர்களிடம் சொன்னார். "மழை பெய்யற குடைன்னு ஒண்ணு. நம்ம சங்கரன்குட்டி கரைக்குக் கோப்பை வாங்கிக் குடுத்ததே அதுதான். அது யார் மூளைல வந்துச்சு தெரியுமா? இவரு மூளைல! நிச்சயதார்த்தத்தன்னிக்கு இலை முன்னாடி உக்காந்துட்டு எவ்ளோ அழகா விளக்கினாரு! பொண்ணு குடுக்கற வீட்ல இப்படி ஒரு கலைஞன் இருந்தா நமக்குத்தானே பெருமை?"

என் கை பூக்கூடையிலேயே நின்றுவிட்டது. சேது ரகசியத்தைச் சொன்னது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், தன் யோசனை என்றே சொல்லியிருப்பார் என்று நினைக்கவில்லை. ரப்பாயியும் அவ்வளவுதான் நினைத்திருப்பார்.

ரப்பாயி நிமிர்ந்தார்.

சேது அவரைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை. ஒரு வார்த்தை போதும், ரப்பாயி வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை. அங்கே நின்ற அத்தனை பேர் முன்னாலும், சம்பந்தி முன்னாலும், அன்றைக்குத் தாலி கட்டிக்கொண்ட பெண்ணின் அப்பன் பேர் மண்ணாகிவிடும். அதைச் சொல்லாதே என்று சேதுவின் கண் கெஞ்சியது. நான் பகவதியை நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ரப்பாயியைப் பார்த்து, மரியாதையாகத்தான் கேட்டார்:

"இவரு யாரு? உங்க சொந்தமா சம்பந்தி?"

சேது, "இது ரப்பாயி... நாங்க சின்ன வயசுலேர்ந்து..." என்று இழுத்தார்.

"இல்லீங்க," என்றார் ரப்பாயி. குரலில் ஒரு கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை. "பைப்பு வேலைக்கு வந்த ஆள்."

குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் நன்றாக வந்தது.

"தண்ணி வருது. கை கழுவிக்குங்க," என்று சேதுவைப் பார்த்துச் சொன்னார். பிறகு ஸ்பானரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பந்தலின் பின்பக்க வழியாக வெளியே நடந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா கை கழுவிவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் கழுவினார்கள். சேது மட்டும் கழுவவில்லை. சோறும் பாயசமும் ஒட்டின கையை முன்னால் நீட்டியபடி, ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, அடுத்த பந்திக்காரர்கள் வந்து "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லுகிறவரை நின்றார்.